இருட்டண்ணையின் சந்தனத் தலை

வாசகரே, தீர்ப்புச் சொல்லும் சிரமத்தை உங்களுக்கு நான் தரமாட்டேன். சாட்சியாக நின்றால் போதும். இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், கனடாவின் மொன்றியல் மாநகரில், இருட்டை இருட்டாகவே காத்து வைப்பதற்காகச் சம்பளம் வாங்கிய ஒரே தமிழர் எங்கள் இருட்டண்ணைதான். இதை மறுத்து எவரேனும் மேடையேறினால், எதிரணியில் நான் நிற்பேன் என்பதையும் பணிவோடு முன்னறிவிக்கிறேன்.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்தது; சம்பளச் சீட்டுக்கு வெளியே அதற்கு நடமாட்டமில்லை. நகரின் லாசால் பகுதியில் ஒரு தொழிற்கூட வரிசையின் கடைசியில் எங்கள் ஆய்வுக்கூடம். தொலைக்காட்சித் திரை ஒன்று எவ்வளவு நிறங்களைக் காட்ட வல்லது என்று அளந்து சொல்வது எங்கள் தொழில். பின்புறத்தில் சிறுசிறு விளக்குகளை நிறைத்து, வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைத்து, கறுப்பில் கரியாய் இருண்டு நிற்கும் புதுவகைத் திரைகள் வரத் தொடங்கிய காலம் அது. நான் சென்னையிலிருந்து மேற்படிப்புக்கு வந்து, பட்டிமன்றத்தில் தீட்டிய நாவோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தவன். இருட்டண்ணை யாழ்ப்பாணத்தார், அளவைப் பிரிவுக்குத் தலைவர்.

உலகம் அப்போது திரையின் நிறங்களை ஒரே ஒரு வெளிச்ச அளவில் அளந்து, தாளில் ஒரு முக்கோணம் வரைந்து, வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த முக்கோணத்தைக் கண்டாலே இருட்டண்ணைக்கு ஆகாது.

“தம்பி, உது ஒரு வீட்டின்ர நிலப்படம். எத்தனை மாடி எண்டு உதில தெரியுமோ? மேல் மாடியில நிறம் வெளிறிப்போகும். கீழ் மாடியில வெளிச்சம் கசிஞ்சு நிறம் செத்துப்போகும். அடியிலயிருந்து உச்சி வரைக்கும் ஏறி ஏறி அளக்கோணும்.”

அடிமாடியை, அதாவது வெளிச்சம் மிகக் குறைந்த நிறங்களை, அளக்க இருட்டு வேண்டும். அதற்காக அவர் ஓர் அறையைச் சுவர், கூரை, தரை, கதவின் கைப்பிடி என்று மிச்சமின்றிக் கறுப்பாக்கியிருந்தார். உள்ளே போகிறவரும் கறுப்பில்தான் போகவேண்டும். வெளிர்நிறச் சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளி திரையில் விழுந்து அளவைக் கெடுத்துவிடும் என்பது விதி. கைக்கடிகாரம் கூடாது. வெள்ளைக் காலுறை கூடாது. முதல் நாள் என் பேச்சில் நானே மயங்கிச் சிரித்தபோது, இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: “வாயை மூடும் ஐசே. பல்லு வெளிச்சம்.”

வேலைக்கென்று வேறு உடை, வீதிக்கென்று வேறு உடை என்ற வழக்கம் அவரிடம் இல்லை. ஆண்டு முழுவதும் கறுப்பு. அந்தக் கறுப்பைக் கண்டு, என் கட்சிக்காரர் ஒருவர் அகப்பட்டார் என்று நான் அகமகிழ்ந்தேன்.

“அண்ணா, நீங்க பகுத்தறிவுவாதியா?”

“இல்லைத் தம்பி. நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போறவன்.”

கோயிலிலோ வேறு குழப்பம். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் என்று முடிவுகட்டி, எல்லோரும் அவரைச் ‘சாமி’ என்றார்கள். ஒரு பிறந்தநாள் வீட்டில், சுடச்சுட ஆட்டிறைச்சி றோல்ஸ் வந்த தட்டு அவர் முகத்துக்கு நேரே வந்து திரும்பிப் போனது.

“சாமி, உங்களுக்கு அங்கால கடலை வைச்சிருக்கிறன்” என்றார் வீட்டுக்காரப் பெண்மணி.

“நான் மாலை போடேல்லைத் தங்கச்சி.”

“சாமிமார் அப்பிடித்தான் அடக்கமாச் சொல்லுவினம்.”

அன்று அவர் கடலை தின்ற முகத்தை வருணிக்க எனக்கு மேடை போதாது. ஜான்-டலோன் சந்தையில் இன்னொரு நாள் சிவப்பு மிளகாய்க் குவியலுக்கு நேரே அளவைக் கருவியை நீட்டினார். கடைக்காரர் இவரைச் சுகாதார அதிகாரி என்று எண்ணி, ஏற்கெனவே சுத்தமாயிருந்த தராசை மறுபடி துடைக்கத் தொடங்கினார். “இந்தச் சிவப்பை இன்னும் ஒரு திரையும் காட்டேல்லை” என்று பெருமூச்சு விட்டு, ஒரு மிளகாயும் வாங்காமல் நடந்தார் இருட்டண்ணை.

இனி, விளையாட்டல்லாத பகுதிக்கு வருகிறேன்.

ஒரு குளிர்காலத்தில், எங்கள் மேலாளரான கியூபெக்காரப் பெண்மணி, நாங்கள் மதாம் என்று அழைத்தவர், இருட்டறையைப் பெட்டிகள் அடுக்கும் கிடங்காக மாற்றப் போவதாக அறிவித்தார். கொடுமைக்காரர் அல்லர், இடமில்லாமல் தவித்தவர். ஆனாலும் ஒரு வாய்ப்புத் தந்தார். புதுத் திரை ஒன்றைச் சாதாரண அறையில் திரைச்சீலை இழுத்துவிட்டு அளப்பது. மறுநாள் அதையே இருட்டறையில், திரையைச் செய்தவர்கள் முன்னிலையில் அளப்பது. சொல்லத்தக்க வேறுபாடு இருந்தால் அறை பிழைக்கும். இல்லையென்றால் பெட்டிகள்.

இருட்டண்ணை சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சையும் குறைத்தார். முடிவில் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார்: அறை தப்பவேண்டி மொட்டை, அதுவும் முன்கூட்டியே. வேண்டுதலை எதிர்த்துப் பல மேடைகளில் முழங்கிய நான், கடமை தவறாமல் அவரையும் மறித்தேன்.

“காரியம் முடியட்டும் அண்ணா. மொட்டை அப்புறம் போடலாமே.”

“அது ஆளைச் சோதிச்சுப் பாக்கிற வேலை. பிள்ளையாரைச் சோதிக்கேலாது.”

எல்லாவற்றையும் மும்முறை சோதிக்கும் மனிதரின் வாக்கு இது.

சாதாரண அறையின் அளவுகளை முந்திய நாள் எடுத்துவிட்டோம். குறித்த காலையில் இருட்டண்ணை எல்லோருக்கும் முன்பாக வந்து அறைக்குள் புகுந்திருந்தார். மதாமும், திரைக்காரர் இருவரும், நானும் கறுப்பு அங்கி அணிந்து இருட்டுக்குள் தடவித் தடவி நுழைந்தோம். திரையின் நடுவே ஆழ்ந்த நீலச் சதுரம் ஒன்று. சுற்றிலும் கண்கூசும் வெள்ளை. இருட்டண்ணை கருவியின் மேல் குனிந்தார். நான் எண்ணை வாசித்தேன்.

நீலம் நீலமாக இல்லை. சாம்பல் கலந்து வெளிறி நின்றது. நேற்றைய அளவுக்கும் இன்றைய அளவுக்கும் வேறுபாடே இல்லை.

“திரும்ப வாசி.”

வாசித்தேன். அதே எண். மதாம் மெல்லப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் பெட்டிகள் அடுக்கப்படும் ஓசை எனக்குக் கேட்டது. இருட்டண்ணை கருவியின் கண்ணாடியைத் துடைத்தார். மதாமின் தோட்டைக் கழற்றச் சொன்னார். திரைக்காரரில் ஒருவர் சிரிக்கிறாரோ என்று சந்தேகித்து, “அந்தாளை வாயை மூடச் சொல்லு” என்றார். எதுவும் உதவவில்லை.

அப்போதுதான் நான் எண்ணை விட்டுவிட்டு மனிதரைப் பார்த்தேன். திரைக்கு மேலே, அந்தக் கரிய அறையில், மஞ்சளாய் ஒரு முழுநிலா எழுந்து நின்றது. அவர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினேன்.

“அண்ணா, உங்க தலை.”

“என்ர தலைக்கு என்ன?”

“மொட்டை. சந்தனம்.”

அவர் கை மெல்லத் தலைக்குப் போனது. அறையைக் காக்கச் செய்த நேர்த்தி, திரையின் வெள்ளை ஒளியை வாங்கி, மஞ்சளாக்கி, நீலத்தின் மேலேயே திருப்பிக் கொட்டிக்கொண்டிருந்தது.

“ஐயோ பிள்ளையாரே” என்றார், மிக மெதுவாக.

கைக்குட்டையால் துடைத்தார். காய்ந்த சந்தனம் பாதி போனது. மழித்த தலையின் பளபளப்பு முழுதாக மிஞ்சியது. நான் விளக்கிச் சொன்னதைக் கேட்ட மதாம் வெளியே போய், தம் குளிர்கோட்டிலிருந்த கறுப்புக் கம்பளித் தொப்பியை எடுத்து வந்து, பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்கு மாட்டுவதுபோல் இருட்டண்ணையின் காதுவரை இழுத்துவிட்டார். “வொலா” என்றார், இதோ ஆயிற்று என்று பிரெஞ்சில்.

மறுபடி வாசித்தேன். நீலம் கடலாழத்துக்கு இறங்கியிருந்தது.

திரைக்காரர்களில் மூத்தவர் ஆங்கிலத்தில் தயங்கிக் கேட்டார்: “ஒரு தலை இவ்வளவு செய்யுமா?” மதாம் தமக்குள்ளே சொல்லிக்கொண்டார்: “அப்படியானால் நான்கு வெள்ளைச் சுவர்கள் என்ன செய்யும்.” அவையோரே, அந்த இரு வாக்கியங்களை விஞ்சும் வாதத்தை என் ஆயுளில் நான் எடுத்து வைத்ததில்லை. அறை பிழைத்தது.

கெட்டுப்போன அளவை அழித்துவிடலாம் என்றேன். இருட்டண்ணை விடவில்லை.

“ரெண்டையும் அறிக்கையில எழுது. தலையோட ஒண்டு, தலை இல்லாமல் ஒண்டு.”

“தலையில்லாம அளந்தது யாருன்னு கேப்பாங்க அண்ணா.”

“நான் எண்டு சொல்லு.”

அப்படியே எழுதினோம். தம் பிழையைத் தம் பெயரோடு சேர்த்தே அச்சேற்றினார்.

எல்லோரும் வெளிச்சத்துக்கு வந்த பின், நடைவழியில், தொப்பியைக் கழற்றாமலே என்னிடம் கேட்டார்: “மதாமின்ர நட்சத்திரம் என்னவாம்? கேட்டுச் சொல்லு.” கேட்டேன். பனிப்புயல் அடித்த நாளில் பிறந்ததாக அம்மா சொல்வார், அதற்குமேல் தெரியாது என்றார் மதாம். இருட்டண்ணை தலையசைத்தார், பிறகு அந்த நடைவழி முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

“பரவாயில்லை, பேர் போதும், பிள்ளையார் தேடிப் பிடிப்பார். இனி நான் அர்ச்சனைக்குக் குடுக்கிற நேரமெல்லாம் அவவின்ர பேரையும் சொல்லுவன், உன்ர பேரையும் சொல்லுவன். நீ நம்பத் தேவையில்லைத் தம்பி. நான் சொல்லுவன்.”