பேதுருவின் ஒரே மகன்

உலகத்து இனங்கள் எல்லாம் தமக்குக் கிடைத்த பாட்டன்மாரோடு திருப்திப்பட்டுக் கிடக்க, பாட்டனைத் தாமே தெரிவு செய்துகொள்ளும் உரிமையை நிலைநாட்டியவர்கள் கொழும்பு வாழ் தமிழர்களாகிய நாம்தான். இந்த மகத்தான உரிமையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த பெருமை வெள்ளவத்தை அ. இரத்தினசிங்கம் அவர்களையே சாரும்.

அவருக்கு அப்போது அறுபத்தொரு வயது. காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். யாருடைய மகன் யார், யாருடைய மருமகன் யார் என்று பழைய காணி உறுதிப் பத்திரங்களில் தேடித் தேடியே கண் மங்கியவர். 2000ஆம் ஆண்டு, ஓய்வுபெற்று வீட்டில் இருந்தவரைத் தேடிக்கொண்டு ஸவாஹிர் என்ற தயாரிப்பாளர் வந்தார். தனியார் தொலைக்காட்சி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அரைமணி நேரம். வாரம் ஒரு பிரபலம், அவருடைய வம்ச வரலாறு. தொடரின் பெயர் "பிரமுகர் பூர்வீகம்". முடிவில் "வரலாற்று ஆய்வு: அ. இரத்தினசிங்கம்" என்று எழுத்து ஓடும் என்றார் ஸவாஹிர். அதற்கு மேல் இரத்தினசிங்கம் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த ஆய்வுக்கு யுத்தம் செய்த உதவியை நன்றியோடு குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பாதை மூடியிருந்தது. ஆகவே எவரும் போய்ச் சரிபார்க்க முடியாது. வரலாற்றாசிரியர் ஒருவருக்கு இதைவிட வசதியான சூழல் அமைவது அரிது. பிரபலங்களின் "பரம்பரை வீடு" கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில் படமாக்கப்பட்டது. தென்னைகள் சட்டகத்துக்குள் விழாதபடி கமராவைத் தாழ்த்திப் பிடித்தார்கள். முற்றத்தில் இரண்டு பனையோலைப் பெட்டிகளை வைத்தார்கள். களனி ஆறு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, யாழ்ப்பாணக் கடல்நீரேரியாக நடித்தது. நீர்கொழும்பு வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தத்தின்மேல் நாதஸ்வரத்தைப் போட்டு மூடினார்கள்.

பன்னிரண்டு வாரத்தில் பன்னிரண்டு பேர். ஒரு சட்டத்தரணி, ஒரு கண் வைத்தியர், ஒரு புடைவைக்கடை முதலாளி, சமாதான நீதவானும் ஏழு சங்கங்களின் தலைவருமான நமசிவாயம், இப்படி. பன்னிரண்டு பேரும் நல்லூர் மன்னனின் மந்திரி குலோத்தம முதலியின் நேரடி வாரிசுகள் என்பது ஆய்வில் தெரியவந்தது. குலோத்தம முதலி என்ற பெயரும் அதே ஆய்வில்தான் தெரியவந்தது.

எல்லாருக்கும் ஒரே மந்திரியாக இருக்கிறாரே, பார்க்கிற சனம் யோசிக்காதா என்று ஸவாஹிர் ஒருநாள் தயங்கிக் கேட்டார்.

"ஒருத்தரும் யோசிக்காயினம், தம்பி. தன்ர குடும்பம் மெய், மற்றப் பதினொண்டும் புளுகு எண்டு ஒவ்வொருத்தரும் நினைப்பினம்" என்றார் இரத்தினசிங்கம்.

அப்படியே நடந்தது.

இப்பேர்ப்பட்ட ஆய்வாளரின் சொந்தப் பூர்வீகத்தை எவரும் கேட்கத் துணிந்ததில்லை. கேட்டால் காட்டுவதற்கு அடையாள அட்டை இருந்தது. "பிறந்த இடம்: நல்லூர்." யாழ்ப்பாணத்துப் பாலேஸ்வரியைப் பெண் பேசிக்கொண்டிருந்த வருடம், தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதுவித்த வரி அது. உள்ளபடி அவர் பிறந்தது கொழும்புத் துறைமுகத்தடிக் கொட்டாஞ்சேனையில். அவருடைய தகப்பனார், அங்கே கத்தோலிக்க அருளப்புவாகப் பிறந்து வெள்ளவத்தையில் சைவ அருணாசலமாகக் காலமானவர். முதலெழுத்து மாறாததால் குடும்பத்துக்குப் பெரிய சிரமம் ஏற்படவில்லை.

பதின்மூன்றாவது ஆளாகப் புளோறன்ஸைப் போடுவோம் என்றார் ஸவாஹிர். நாற்பது வருடம் வானொலி நாடகங்களில் நடித்தவர். அவருடைய குரலுக்கு அழாத தமிழ் வீடு கொழும்பில் இல்லை. வீடு கொட்டாஞ்சேனை என்றதும் வேறு ஆளைப் பார்க்கலாமே என்றார் இரத்தினசிங்கம். மறுக்கக் காரணம் கிடைக்காததால் போனார்.

புளோறன்ஸ் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தார். ஆய்வுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை.

"என்ட அப்பப்பா பேதுரு. துறைமுகத்தில மூட்டை தூக்கினவர். இரண்டு பெடியன்கள். இளையவர் என்ட அப்பா. மூத்தவர் வெள்ளவத்தைக்குப் போனவர், பிறகு இந்தப் பக்கம் வரேல்ல." அவர் இரத்தினசிங்கத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவருக்கு என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அதற்கு ஆழ்ந்த ஆய்வு தேவை என்று சொல்லி, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு இரத்தினசிங்கம் எழுந்தார். குலோத்தம முதலிக்குக் கத்தோலிக்கத்தில் சேர்ந்த ஒரு தம்பியைக் கண்டுபிடித்தால் என்ன என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தார்.

கண்டுபிடிப்பதற்குள் நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. இரண்டாம் நாள் காலை வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. காலி வீதி பேக்கரியில் பாண் வாங்கப் போன இரத்தினசிங்கத்தை மறித்து அடையாள அட்டையைக் கேட்டார்கள். நல்லூர். பையைத் திறக்கச் சொன்னார்கள். பாணுக்கு அடியில், நான்காக மடித்த பெரிய தாள் ஒன்று இருந்தது. அவருடைய வாழ்நாள் சாதனை: பன்னிரண்டு பிரபலங்களின் பெயர்கள், பக்கத்தில் தொலைபேசி இலக்கங்கள், ஒவ்வொரு பெயரிலிருந்தும் மேலே போகும் அம்புக்குறி, எல்லா அம்பும் போய்ச் சேரும் இடத்தில், சிவப்பு வட்டத்துக்குள், ஒரே ஒரு பெயர்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி அந்தத் தாளை மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் பாரம் வைத்தார். தமிழ் தெரிந்த பெண் பொலிஸ் பைறோஸா மொழிபெயர்த்தார்.

"இந்த வட்டத்துக்குள்ள இருக்கிற ஆள் யார்?"

"மந்திரி, சேர்."

"எந்த அரசாங்கத்துல?"

"நல்லூர் அரசாங்கத்தில."

அப்படி ஓர் அரசாங்கம் இயங்குவதாக ஒருவர் தாமாகவே ஒப்புக்கொண்டது இதுவே முதல்தடவை. பொறுப்பதிகாரி பேனாவை எடுத்தார். மந்திரி இப்போது எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டார். அவர் செத்து நானூறு வருடம் என்றார் இரத்தினசிங்கம். அப்படியானால் அவர் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று அடுத்த கேள்வி வந்தது. மூன்று மாதமாகத் தொலைக்காட்சி பார்க்கும் தமிழர் எவரும் கேட்காத கேள்வி. இரத்தினசிங்கம் முதன்முறையாக ஓர் உண்மையான வரலாற்று மாணவரைச் சந்தித்தார்.

உண்மையைச் சொன்னால் புளுகன், சொல்லாவிட்டால் புலி. எதைத் தெரிவு செய்வது என்று புரியாமல், தம்மை அறிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள் என்றார். தாளிலிருந்த பன்னிரண்டு இலக்கங்களுக்கும் தொலைபேசி போனது. சட்டத்தரணி குளித்துக்கொண்டிருந்தார். கண் வைத்தியருக்கு அந்தப் பெயரில் ஒருவரையும் தெரியாது. நமசிவாயம் தாமே தொலைபேசியை எடுத்து, நமசிவாயம் கோயிலுக்குப் போய்விட்டார் என்று அறிவித்தார். கடைசியில், இரத்தினசிங்கம் சொன்ன கைத்தொலைபேசி இலக்கத்தில், ஸவாஹிர் ஒருவர்தான் அகப்பட்டார். அன்று புளோறன்ஸ் வீட்டில் படப்பிடிப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த அவர், விஷயத்தைப் புளோறன்ஸிடம் சொன்னார்.

மத்தியானம் புளோறன்ஸ் வந்தார். வரும் வழியில் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய், ஞானஸ்நானப் பதிவேட்டின் பிரதி ஒன்றைச் சுவாமியாரிடம் கையெழுத்தோடு வாங்கி வந்திருந்தார். அந்தோனி இரத்தினசிங்கம். பிறந்த இடம் கொட்டாஞ்சேனை. தகப்பன் அருளப்பு. ஞானத்தகப்பன் பேதுரு, துறைமுகக் கூலி.

"இவர் என்ட பெரியப்பான்ட மகன்" என்று புளோறன்ஸ் நல்ல சிங்களத்தில் சொன்னார். பிறகு தமிழில், "அண்ணை, ஓமெண்டு சொல்லுங்கோ. சொன்னா வீட்ட போகலாம்."

இரத்தினசிங்கம் சுவரைப் பார்த்தபடி, ஓம் என்றார்.

பொறுப்பதிகாரி அடையாள அட்டையையும் பிரதியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்துவிட்டுக் கொழும்பு என்று கள்ளச் சான்று கொண்டுவந்தவர்கள் நூறு பேரைப் பிடித்திருப்பதாகவும், கொழும்பில் பிறந்துவிட்டுக் கள்ளமாக யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆளை இன்றுதான் காண்பதாகவும் சொன்னார். சொன்னவை பதியப்பட்டன. ஆள் விடுவிக்கப்பட்டார். தாளை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஆட்டோவில் வரும்போது, இதை நிகழ்ச்சியில் சொல்ல வேண்டாமென்று இரத்தினசிங்கம் கேட்டார். தான் சொல்லமாட்டேன் என்றார் புளோறன்ஸ். "எழுதுறது நீங்கள்தானே. உங்களுக்கு எது சரியோ அதை எழுதுங்கோ."

இரத்தினசிங்கம் அந்த வாரம் உண்மையிலேயே உழைத்தார். மந்திரி இல்லை, மன்னன் இல்லை. கொட்டாஞ்சேனை, துறைமுகம், மூட்டை, முதுகு. பேதுருவின் கதையை எழுதும்போது அவருக்கே ஓரிடத்தில் கண் கலங்கியது. தொடரின் பதின்மூன்று பகுதிகளில் அதுவே சிறந்தது என்று ஸவாஹிர் சொன்னார். அதில் ஒரேயொரு சிறிய திருத்தத்தை மட்டும் ஆய்வாளர் செய்திருந்தார். "பேதுருவுக்கு ஒரே மகன்" என்று எழுதியிருந்தார். நான்கு சொல்கூட வேண்டியிருக்கவில்லை. மூன்றிலேயே தகப்பனாரை அடக்கம் செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. விசாரணையில் கேள்விப்பட்ட நிகழ்ச்சி எப்படித்தான் இருக்கும் என்று பைறோஸா அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்ததை ஆய்வாளர் அறிந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஜீப் வந்தது. பாலேஸ்வரி தேத்தண்ணிப் போத்தலோடு பின்னாலேயே ஓடினார். நிலையத்தில் புளோறன்ஸ் ஏற்கெனவே வாங்கில் இருத்தப்பட்டிருந்தார், மடியில் கைப்பையோடு.

பேதுருவுக்கு ஒரே மகன் என்றால் பெரியப்பா என்று ஒருவர் கிடையாது. பெரியப்பா இல்லையென்றால் பெரியப்பாவின் மகனும் கிடையாது. ஆகவே இந்த அம்மா பொலிசுக்குப் பொய்ச் சாட்சி சொல்லி ஒரு சந்தேக நபரை மீட்டிருக்கிறார். பொறுப்பதிகாரியின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

"டீவீல சொன்னது பொய், இல்லாட்டி இங்க சொன்னது பொய்" என்று பைறோஸா மொழிபெயர்த்தார். "எது எண்டு சேர் கேட்கிறார். இங்க சொன்னது பொய்யெண்டா இந்த அம்மாவ உள்ள வைப்பாங்க."

புளோறன்ஸ் இரத்தினசிங்கத்தின் பக்கம் திரும்பவில்லை. கதவடியில் போத்தலைப் பிடித்துக்கொண்டு பாலேஸ்வரி நின்றார். இருபத்தெட்டு வருடம் காப்பாற்றிய நல்லூர், இன்னும் இரண்டு நிமிடத்துக்குத்தான் என்று இரத்தினசிங்கத்துக்கு விளங்கியது. அவர் தாள் கேட்டார்.

எழுதினார். தமது பாட்டனார் பேதுரு, துறைமுகக் கூலி. அவருக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவர் அருளப்பு தமது தகப்பனார். தொலைக்காட்சியில் சொன்னது தமது பொய். புளோறன்ஸ் தமது சகோதரி. பைறோஸா அதைத் தமிழில் ஒருதடவை உரத்து வாசித்தார். பிறகு சிங்களத்தில் ஒருதடவை.

வீட்டுக்கு நடக்கும்போது இரத்தினசிங்கம்தான் பாலேஸ்வரியிடம் பேச்சைத் தொடங்கினார். தம்மை மன்னிக்கச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்" என்றார் பாலேஸ்வரி. "கலியாணத்துக்கு முதலே எங்கட ஐயா கொட்டாஞ்சேனையில விசாரிச்சவர்."

"விசாரிச்சிட்டு ஏன் கட்டித் தந்தவர்?"

"அவருக்கும், எங்கட பக்கத்தைத் திருப்பி விசாரிக்காத ஆக்கள்தான் தேவைப்பட்டது."

"பிரமுகர் பூர்வீகம்" வேறோர் ஆய்வாளரோடு வெற்றிகரமாகத் தொடர்ந்தது. இரத்தினசிங்கத்தின் ஆய்வுகளில் ஆதாரபூர்வமானது ஒன்றே ஒன்றுதான்; ஒரு பக்கம், மூன்று பிரதி, ரப்பர் முத்திரையுடன் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறது. ஒரு தமிழரின் வாயிலிருந்து அவருடைய பாட்டனாரின் பெயரை வரவழைக்க ஒரு யுத்தமும், அவசரகாலச் சட்டமும், இரண்டு கைதும் வேண்டியிருந்தன. சும்மா கேட்டிருந்தால் நம்மில் எவர்தான் சொல்லியிருப்போம்?