வைரம் பெரியப்பாவின் பத்தியம்

ஒரு காட்டில், செல்போன் கோபுரத்துக்கு இந்தப் பக்கம், வைரம் பெரியப்பா என்று ஒரு கிழப் பூனையார் இருந்தார். வயது பதிமூன்று, எடை எட்டு கிலோ. நடந்தால் வயிறு தரையைப் பெருக்கிக்கொண்டே போகும். எல்லாம் குரங்கு கடையில் விற்கிற மீன் பிஸ்கட்டின் வேலை. பாக்கெட் கிழிகிற சத்தம் கேட்டால் போதும், தூக்கத்திலேயே வாயைத் திறப்பார்.

அவர் வீட்டுக்குக் கீழே ஒரு வளையில் செவ்வந்தி என்கிற எலி ஏழு பிள்ளைகளோடு குடியிருந்தாள். யாராவது நிமிர்ந்து பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்கிற சுபாவம். ஆனாலும் பயமில்லாமல்தான் பிள்ளை வளர்த்தாள். குனியவே முடியாத பூனைக்கு யார் பயப்படுவார்கள்?

ஒருநாள் பூனையாரின் மகள் மரகதம் அப்பாவைக் கொக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஆளும் ஒல்லி, பேச்சும் ஒல்லி.

"மூணு கிலோ குறையணும். பிஸ்கட் ஒரு நாளைக்கு ரெண்டுதான்."

மரகதம் பிஸ்கட் டப்பாவைத் தூக்கி உச்சிக்கிளையில் கட்டிவிட்டாள். பத்தே நாளில் பெரியப்பாவுக்கு இடுப்பு தெரிந்தது. பதினோராம் நாள் ஒரே தாவாகத் தாவினார். செவ்வந்தியின் கடைக்குட்டி, வால் நுனியை அவர் நகத்தில் விட்டுவிட்டு வளைக்குள் வந்து விழுந்தான்.

செவ்வந்திக்குக் கை கால் ஓடவில்லை. ஏழு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரங்கு கடையில் ஒரு பாக்கெட் வாங்கினாள். நேராகப் பூனை வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"யாரது?"

"நான்தான் பெரியப்பா, கீழ்வளை செவ்வந்தி. உடம்புக்கு முடியலைன்னாங்க. பாத்துட்டுப் போகலாம்னு..."

"உன்னைத்தாம்மா நேத்துலேர்ந்து நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்று பெரியப்பா நகத்தை நீட்டினார்.

செவ்வந்தி சட்டென்று பாக்கெட்டைக் கிழித்தாள்.

நகம் உள்ளே போய்விட்டது. "உக்காரும்மா. பிள்ளைங்க சௌக்கியமா?"

மரகதம் ஓடி வந்தாள். "ஐயோ, அப்பா பத்தியத்துல இருக்காரு!"

"உடம்பு முடியாதவங்களைப் பாக்க வெறுங்கையோட எப்படிக்கா வர்றது?" என்றாள் செவ்வந்தி, தரையைப் பார்த்தபடி.

நலம் விசாரிக்க வந்தவள் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொடுத்தால் காடே காறித் துப்பாதா? மரகதம் காபி போட உள்ளே போனாள். வருவதற்குள் பாக்கெட் காலி.

விஷயம் பரவியது. மறுநாள் அணில் வந்தது. அப்புறம் காட்டெலி, ஓணான், குருவி என்று பூனை வாய்க்கு அளவான எல்லோரும் ஆளுக்கொரு பாக்கெட்டோடு வரிசையில் நின்றார்கள். கூட்டம் தாங்காமல் மரகதம் டோக்கன் கொடுத்தாள்.

மாதக் கடைசியில் டாக்டர் எடை பார்த்தார். ஒன்பதரை.

"பிஸ்கட் எத்தனை தர்றீங்க?"

"டப்பாவிலேர்ந்து ரெண்டே ரெண்டுதான் டாக்டர், சத்தியமா."

கொக்கு ஒற்றைக்காலில் நின்று யோசித்தார். "அப்போ மனக்கவலைதான். அது ஆளை ஊதவிட்டுடும். தனியா விடாதீங்க, நாலு பேர் வந்து பேசட்டும்." சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்: பார்வையாளர்கள், காலை மாலை இரு வேளை, சாப்பாட்டுக்கு முன்.

மரகதம் சீட்டோடு முதலில் ஓடியது கீழ்வளைக்குத்தான். "உன்னை விட்டா அப்பாவுக்கு ஆள் இல்லை செவ்வந்தி. தினமும் வருவியா?"

"இதைப் போய்க் கேக்கணுமாக்கா?" என்று செவ்வந்தி வெட்கப்பட்டாள். "பிள்ளைங்க கையிலயும் ஆளுக்கொண்ணு கொடுத்துக் கூட்டிட்டு வர்றேன்."

நீதி: உங்களைத் தின்னக்கூடியவர் உடம்பைக் குறைக்கத் தொடங்கினால் சும்மா இருந்துவிடாதீர்கள்; பிஸ்கட்டோடு போய் அன்பாக நலம் விசாரியுங்கள்.