கூடத்துச் சுவரில் சம்பந்தியின் கை

அரிமளம்,
ஈஸ்வர வருஷம், ஆவணி மாதம்.

ரெங்கூனில் சௌக்கியமாக இருக்க வேண்டிய மச்சான் ஆண்டியப்பன் அவர்களுக்கு, ரத்தினவேல் எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் தங்கை செவந்தியும், மகள் பிரகதாம்பாளும் சுகம். வீடுதான் சுகமில்லை.

பிரகதாம்பாள் கல்யாணத்துக்குக் கூடத்துச் சுவர் முகம் பார்க்கிற மாதிரி மின்ன வேண்டும் என்று போன தபாலில் யோசனை சொன்னீர்கள். அண்ணன் சொன்னால் உங்கள் தங்கைக்கு அதற்கு மேல் பேச்சில்லை. மறுநாளே தங்கமுத்துக் கொத்தனார் வந்து இறங்கி, கூடத்துப் பழைய பூச்சையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டார். கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டார்கள், அது கொதித்த கொதிப்பில் பசுமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடிவிட்டது, மாட்டைப் பிடித்து வந்து கட்டினால், சாந்தில் சேர்க்கக் கருப்பட்டியும் கடுக்காயும் ஊறப்போட்ட பானைக்கு ஊர் எறும்பெல்லாம் வந்துவிட்டது, எறும்பை விரட்டிவிட்டு உட்கார்ந்தால் கொத்தனார் முட்டை கேட்கிறார். கடைசிப் பூச்சுக்கு வெள்ளைக்கரு வேண்டுமாம். கூடை கூடையாக வாங்கினேன். வெள்ளைக்கரு சுவருக்கு, மஞ்சள்கரு எங்களுக்கு. காலையில் மஞ்சள்கருப் பொரியல், மத்தியானம் மஞ்சள்கருக் குழம்பு. "வேற ஏதாச்சும் வையேன்" என்றால், "வீணாப் போகுதுல்ல, சாப்புடுங்க" என்கிறாள் உங்கள் தங்கை. புகை பட்டால் சுவர் கறுத்துவிடும் என்று அடுப்பையே மாட்டுக்கொட்டகைக்குத் துரத்திவிட்டார் கொத்தனார்.

இத்தனையும் பொறுத்தேன். நேற்று மாப்பிள்ளையின் தகப்பனார் ரெங்கசாமி, வல்லத்திராக்கோட்டையிலிருந்து முகூர்த்தம் பேச வந்தார். நான் பாய் எடுக்க உள்ளே போனேன். வெயிலில் வந்த மனிதர், களைப்பில் ஈரச் சுவரில் கையை ஊன்றிவிட்டார். சாரத்தின் மேலிருந்து கொத்தனார் போட்டாரே ஒரு சத்தம்!

"யார்யா அது? கையை எடுய்யா! கண்ணு தெரியலையா? அங்கிட்டுப் போயி நில்லு!"

நான் ஓடி வந்து, "தங்கமுத்து, இவுக நம்ம சம்பந்தி" என்றேன்.

"யாரா இருந்தா என்னங்க? சுவரு கெட்டுப்போச்சுல்ல?"

ஐந்து விரலும் சுவரில் அப்படியே பதிந்திருந்தன. சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டார். "என்னையவே நிக்க விடல. எம்மகன் எப்படிங்க இங்க வந்து ஒக்காருவான்?" என்று சொல்லி வண்டி ஏறிவிட்டார். கண்மாய்க்கரை வரை வண்டிக்குப் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பிரகதாம்பாள் அழக்கூட இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொத்தனாரோ, அதை வழித்துவிட்டு மறுபடி பூச இன்னும் முட்டை வேண்டும் என்கிறார். என் தலையில் உடைத்து எடுத்துக்கொள்ளும் என்றேன்.

ஆகையால் கல்யாணம் நின்றுபோயிற்று. நீங்கள் கப்பல் ஏற வேண்டாம். தாய்மாமன் சீர் எதுவும் வாங்க வேண்டாம். முக்கியமாக, எனக்கு இனிமேல் யோசனை எழுத வேண்டாம். அங்கே உங்களுக்குப் பூச்சு வேலையே வேண்டாத மரவீடு என்று கேள்வி. அதிலேயே நீங்களும் பிள்ளைகளும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ரத்தினவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் சம்பந்தியின் வண்டி வாசலில் வந்து நின்றது. மன்னிப்புக் கேட்கக் கை கூப்பினேன். அவர் என்னைத் தாண்டி நேரே கூடத்துக்குப் போய், காய்ந்திருந்த பக்கத்தில் தம் மீசையைப் பார்த்தார். "ராத்திரி பூரா இந்தச் சுவருதாங்க கண்ணுல நிக்கிது. தையில கல்யாணத்த வச்சுக்குவம். அதுக்குள்ள எங்க வீட்டையும் பூசணும்" என்று சொல்லி, கொத்தனாரைக் கையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நம் கூடத்தில் ஒரு சுவர் அவர் கைத்தடத்தோடு மின்னுகிறது, மற்ற மூன்றும் வெறுஞ்செங்கல். மேலே எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாமல் முதல் கப்பலில் புறப்படவும். மூன்று சுவரை மறைக்கிற அளவுக்குப் பர்மாத் துணி வாங்கி வரவும்.