பச்சையாகத் தெரிந்த மேய்ச்சல் நிலம்

ஒரு காட்டில் மான் மேய்கிற புல்லையெல்லாம் சீமைக்கருவேல முள் விழுங்கிக்கொண்டிருந்தபோது, "காடு அமோகமாகச் செழிக்கிறது" என்று அரண்மனையில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

லட்டு கொடுத்தவர் வைகுந்தன் சார். பருந்து. வானத்தில் ஒரு வட்டம் அடித்தால் தரையில் ஓடுகிற எலியின் மீசைகூடத் தெரியும் அவருக்கு. ஆனாலும் ஏசி அறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, செயற்கைக்கோள் அனுப்புகிற படத்தைப் பார்ப்பதுதான் உத்தியோகம். படத்தில் பச்சை என்றால் காடு. பழுப்பு என்றால் பாழ்நிலம். அதற்கு மேல் செயற்கைக்கோளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

எந்த விலங்கு கூடியது, எது குறைந்தது என்று சிங்கராஜா வருஷா வருஷம் அனைத்துக் காடுகள் மாநாட்டில் அறிக்கை படிக்க வேண்டும். இந்த வருஷம் படத்தில் பச்சை ஏறியிருந்தது. அப்படியானால் வெட்டவெளியில் மேய்கிற வெளிமான்களும் ஏறியிருக்கும் என்று வைகுந்தன் சார் முடிவு கட்டிவிட்டார். மிச்சமிருந்த ஒரே புல்வெளி, கோடையில் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. "அந்தப் பாழ்நிலத்திலும் சீமைக்கருவேல விதை தூவிட்டா முழுப்பச்சை, ராஜா" என்றார். ராஜா கைதட்டினார்.

ஒரு சடங்கு மட்டும் பாக்கி. யாராவது நேரில் போய்ப் பார்த்து, படம் சொல்வது சரிதானா என்று செல்போனில் பொத்தானை அமுக்க வேண்டும். அதற்கென்று வைத்திருந்த ஆள் குணாளன். கீரி. பத்தாம் வகுப்புக் கணக்கில் கவிழ்ந்து, இனிப் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று வெளியே வந்தவன். பாம்போடு மல்லுக்கட்டுகிற பரம்பரை. வெயில் மட்டும் ஆகாது.

புல்வெளி ஓரத்தில் செவ்வந்தி நின்றிருந்தாள். வெளிமான். வயிற்றில் குட்டி.

"வாடா தம்பி. நீ பாத்துச் சொன்னாத்தான் விதை போடுறத நிறுத்துவாங்களாமே?"

"ஆமாக்கா. சிவப்ப அமுக்கினா நிறுத்திருவாங்க. பச்சைய அமுக்கினா போட்டுருவாங்க."

"அந்த முள்ளுக்குள்ள ஒரு எட்டு போய்ப் பாரு. ஒரு புல்லு இருக்கா, ஒரு மானு இருக்கான்னு பாரு. எங்களுக்கு ஓடுறதுக்கு வெட்டவெளி வேணும்டா. இதுவும் போச்சுன்னா குட்டிய எங்க போடுறது?"

"அதுக்குத்தானேக்கா வந்திருக்கேன்!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனான். முதல் முள் பாதத்தில் ஏறியது. அவ்வளவுதான் வீரம். நொண்டிக்கொண்டே திரும்பி, ஓரத்து நிழலில் உட்கார்ந்து காலை நக்கினான். பிறகு செல்போனில் வைகுந்தன் சாரைக் கூப்பிட்டான்.

"சார், ஒரே முள்ளா இருக்கு சார்."

"பச்சையா இருக்கா?"

"பச்சையாதான் இருக்கு."

"அப்புறம் என்னய்யா? படத்துலயும் பச்சை, நேர்லயும் பச்சை. நீ சிவப்ப அமுக்கி வச்சா, நான் பறந்து வந்து பாக்கணும். எனக்கு இறக்கை வலி வேற."

குணாளனுக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. சிவப்பை அமுக்கினால், உள்ளே போய்ப் போட்டோ எடுத்து வா என்பார்கள். உள்ளே இன்னும் நிறைய முள் இருந்தது. அரண்மனையில் லட்டு தீர்ந்துகொண்டிருந்தது. பச்சையை அமுக்கினான்.

விதை தூவினார்கள். மழை பெய்தது. முள் முளைத்தது. குணாளனுக்குச் சிறந்த கள ஆய்வாளர் மெடல் கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனவன், மான் கூட்டம் கிளம்பி நிற்பதைப் பார்த்தான்.

"மெடலு எடுப்பா இருக்குடா" என்றாள் செவ்வந்தி.

"அக்கா, கால்ல முள்ளு குத்திருச்சுக்கா, அதான்..."

"ஐயோ பாவம். நடக்க முடியுதா?"

அவன் மெடலைக் கையால் மூடிக்கொண்டான்.

"சரி விடு. நாங்க போறோம். எங்கன்னு எங்களுக்கே தெரியல. ஒண்ணே ஒண்ணு செய். இங்க மானு இருந்துச்சு, இப்ப இல்லன்னு அந்த மாநாட்டுச் சபையில ஒரு வார்த்தை சொல்லிரு."

"கண்டிப்பா சொல்றேன்க்கா. சத்தியமா."

மாநாட்டில் சிங்கராஜா கம்பீரமாகப் படித்தார்: "வெளிமான்களுக்கான பசுமை, வரலாறு காணாத அளவுக்கு உயர்ந்துள்ளது." மற்றக் காட்டு ராஜாக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா?" என்று கேட்டு, மைக்கைக் குணாளன் பக்கமாகவே நீட்டினார்கள்.

ஒரு வார்த்தைதான். ஆனால் அவன் வாய் நிறைய லட்டு இருந்தது.

நீதி: மேலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பச்சையாகத் தெரிந்தால் போதும், அதற்குப் பிறகு நீங்கள் இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.