முளைப்பதை மட்டும் பந்தயம் வைக்கலாம்

தேர்தல் பந்தயத்தை எப்படி அடக்குவது என்று தெரியாமல் உலகத்து அரசாங்கங்கள் எல்லாம் மண்டையைச் சொறிந்துகொண்டிருக்கின்றன. இரண்டாயிரங்களிலேயே அதை அடக்கிக் காட்டியவர் ஒரே ஒருவர்தான். பம்மலில் இரண்டு நாற்காலி போட்டு சலூன் நடத்திய 'கலெக்டர்'. அந்த மண்டையையே பணயப் பொருளாக்கிவிட்டார் மனுஷன்.

அப்போதெல்லாம் ஓட்டு எண்ணும் நாள் நெருங்கினாலே பம்மல் ஆண்களுக்குக் காய்ச்சல் கண்டுவிடும். ஒருத்தர் பைக்கை வைப்பார். இன்னொருத்தர் ஊரப்பாக்கத்தில் வாங்கிப்போட்ட அரை கிரவுண்டை வைப்பார். "சட்டப்படி குத்தம்யா" என்று போலீஸ் மிரட்டினால், டீக்கடைக்கு முன்னால் நடந்த பந்தயம் டீக்கடைக்குப் பின்னால் நடக்கும்.

கலெக்டர் பார்த்தார். "வேணாம்னா கேட்பானுங்களா இவனுங்க? ரூலு போட்டாத்தான் அடங்குவானுங்க" என்று சலூன் கண்ணாடிக்கு மேல் ஒரு சிலேட்டை மாட்டினார். பணம், வண்டி, நிலம், நகை கூடாது. முளைப்பதை மட்டும் வைக்கலாம். அதாவது முடி, தாடி, மீசை. முழு மொட்டை என்றால் வீட்டுக்காரம்மா நேரில் வந்து தலையாட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்குள் கல்யாணம் வைத்திருப்பவன் பந்தயம் பக்கமே வரக்கூடாது.

யாரோ தகவல் கொடுத்து ஒருநாள் ஏட்டு வந்தார்.

"பெட்டிங் நடக்குதாமே. எங்கய்யா பணம்?"

"கீழ கீது சார். மிதிச்சிகினு நிக்கிறீங்களே."

ஏட்டு குனிந்து பார்த்தார். காலடியில் மூன்று பேருடைய தாடி.

"இதை எப்படிய்யா நான் சீல் வெக்கிறது?"

"பெருக்கி மூட்டை கட்டித் தரட்டா?"

ஏட்டு சிலேட்டை இரண்டு தடவை படித்தார். தன் மீசையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியேறினார்.

அப்பேர்ப்பட்ட சட்டத்தைத்தான் நான் ஏமாற்றினேன். பக்கத்துத் தோல் கம்பெனியில் அப்போது நான் கிளார்க். பத்திரிகைகளில் வந்த கருத்துக் கணிப்பெல்லாம் எனக்கு மனப்பாடம். நம்ம ஆட்கள்தான் ஜெயிப்பார்கள், தோற்றால் முழு மொட்டை, கூடவே மீசை என்று ஷேர் ஆட்டோ ஓட்டும் பாண்டுவிடம் பந்தயம் வைத்தேன். "வூட்டுக்காரம்மா எங்க?" என்றார் கலெக்டர். "பேச்சிலருங்க" என்றேன். உண்மைதான். ஓட்டு எண்ணி முடித்த பதினோராவது நாள் எனக்குக் கல்யாணம் என்ற இன்னொரு உண்மையை மட்டும் விழுங்கிவிட்டேன்.

எண்ணிக்கை நாள். சலூன் டிவியில் காலை பத்து மணிக்கு நம்ம ஆட்கள் முன்னிலை. நான் பாண்டுவின் தலையைத் தடவி, "கடைசியா ஒரு தடவை சீவிக்கோப்பா" என்றேன். பன்னிரண்டு மணிக்கு நம்ம ஆட்களைக் காணோம். டிவி ரிப்பேர் என்று நினைத்து அதைத் தட்டினேன். இன்னும் இரண்டு தொகுதி போயிற்று.

பாண்டு துண்டை உதறி நாற்காலியைத் துடைத்தான். "குந்து சார். கண்ண மூடிக்கோ, வலிக்காது."

எனக்குக் கல்யாண மண்டபம் கண்முன் வந்தது. மணமேடையில் மொட்டை மாப்பிள்ளை. "யார் தவறிட்டாங்க?" என்று கேட்கும் மாமனார். முன்வரிசையில் வெற்றிலை மென்றபடி உயிரோடு என் அப்பா. பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து நீட்டினேன்.

"கலெக்டரே, பதினோரு நாள்ல எனக்குக் கல்யாணம்!"

அவர் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. "இன்னா சார் சொல்ற? ரூலு தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

பாண்டு குதித்தான். "அதெல்லாம் முடியாதுண்ணே! நான் தோத்திருந்தா சார் வுட்டிருப்பாரா? காலைலேர்ந்து என் மண்டையத் தடவிகினே இருந்தாரு. இன்னிக்கு ஒரு மொட்டை வுழுந்தே ஆவணும்!"

கலெக்டர் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு போய் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். அந்தக் கடைக்குப் போர்டு கிடையாது. அவருடைய தலைதான் போர்டு. நெற்றியில் அலையடிக்கும் சுருள்முடிக்கு தினமும் அரைமணி நேரம் செலவழிப்பவர்.

"விசாரிக்காம ஒத்துகினது நானு. ரூலு போட்டவன் கோட்ட வுட்டா, அவன்தான் கட்டணும். பாண்டு, கத்தியப் புடி."

"அண்ணே, எனக்கு ஆட்டோதாண்ணே ஓட்டத் தெரியும்."

"குடு இங்க" என்று வாங்கி, கண்ணாடியைப் பார்த்துத் தலை, மீசை இரண்டையும் தானே வழித்துக்கொண்டார். முதல் சுருள் விழுந்ததும் பாண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் வாய்விட்டே அழுதுவிட்டேன்.

"அழுவாத சார். முளைக்கிறதுதானே."

கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மாமனார் என் காதில் கிசுகிசுத்தார்: "பாவம், அவர் வீட்டுல யார் தவறிட்டாங்க?"

நாலே மாதத்தில் அவருக்குச் சுருள் பழையபடி அலையடித்தது. எனக்கு நாற்பது வயதுக்குள் ஒரு பந்தயமும் இல்லாமலே எல்லாம் கொட்டிப்போய்விட்டது. போன வாரம் என் மகள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். புசுபுசுவென்று முடியோடு நான். என் தோளில் கைபோட்டுப் பளபளவென்று அவர்.

"யாருப்பா இந்த மொட்டை?"

"அது அப்பாவோட மொட்டைம்மா" என்றேன்.