எட்டுச் செம்பருத்தியும் இருபத்துநான்கு செல்லும்

1987 ஜூன் 16, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. மேற்கே மலையிலிருந்து சாரல் காற்று. ராஜபாளையத்திலேயே மிக மெதுவான மனிதர் திருடரும்கூட என்பது அந்த நிமிடம்தான் உறுதியானது. முந்தின மாலை என் செம்பருத்தியில் முப்பத்தொரு மொட்டு எண்ணியிருந்தேன். விடிந்தபோது இருந்தவை இருபத்துமூன்று பூக்கள்.

நான் ஒரு நூல் மில்லில் எழுத்தர். மில்லுக்குச் சொந்தமாக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் உண்டு. அதன் பின்சுவரை ஒட்டி என் வீடு, கிணறு, செடி. எக்ஸ்சேஞ்சுக்கு உயிர் கொடுத்தவை இருபத்துநான்கு பேட்டரி செல்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் 'சுண்ணாம்பு' என்றோம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார்.

செல் பழுதானால் பழைய ஆசிட்டைக் கொட்டிவிட்டுப் புதியது மாட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இவரோ அதை டிரம்மில் ஊற்றி, பிடிபிடியாகச் சுண்ணாம்பு போட்டு, கம்பால் துழாவிக்கொண்டே இருப்பார். ஆசிட் அடங்கும்வரை புது செல்லைத் தொடமாட்டார். அதுவரை மில்லில் அத்தனை போனும் ஊமை. ஒருமுறை மூன்று மணி நாற்பது நிமிடம். மேனேஜர் கத்திக் கத்தி இவரைவிட முன்னால் ஓய்ந்துபோனார்.

அன்று காலை எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ப் பார்த்தால், டிரங்க் கால் சீட்டுகளின் வெற்றுப் பக்கத்தில் என் பூவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், எட்டுப் பூ எங்கய்யா?"

"ரெண்டுதான எடுத்தேன், கிளார்க்கையா."

"எட்டு! எண்ணி வச்சிருக்கேன்."

"நீங்க எண்ணுனா சரியாத்தான் இருக்கும். இங்க பாருங்க, ஊதாத் தாளு டிரம்முல முக்குனா செவக்குது. ஆசிட் இன்னும் சாகல. செத்த நேரம் பொறுங்க."

"பூ சாமிக்குய்யா!"

"கிணறு உங்களுக்குல்ல?"

நான் பி.ஏ. பூவைக் கசக்குகிறவரிடம் பாடம் கேட்பேனா? மூன்று மனு எழுதினேன், மொத்தம் பதினான்கு பக்கம். மூன்றாவது பலித்தது. அவரை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளைக்குத் தூக்கியடித்தார்கள்.

அவர் இடத்துக்கு வந்தவர் இருபதே நிமிடத்தில் செல் மாற்றினார். "பாத்தியளா சார், முடிஞ்சு போச்சு!" ஆசிட் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. பாராட்டி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஐந்து மாதத்தில் செடியில் பூ முப்பத்தொன்றிலிருந்து பத்தொன்பதுக்கு வந்தது, பிறகு ஏழுக்கு. "ஏங்க, கிணத்துத் தண்ணி புளிக்குது" என்றாள் மனைவி. "உன் நாக்கு அப்படி" என்றேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தாளில் இதழைத் தேய்த்து வாளியில் நனைத்தேன். சிவந்தது. பின்சுவரின் அந்தப் பக்கம்தான் அந்தச் சுறுசுறுப்புக்காரர் எல்லாவற்றையும் கொட்டியிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். அங்கேயும் சுண்ணாம்பு யாருடைய செடியையோ மொட்டையடித்துவிட்டு டிரம்மைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்ன கிளார்க்கையா, பூவை எண்ண இம்புட்டு தூரமா?"

தாளை நீட்டினேன். சிரிப்பு நின்றது.

"வீட்ல யாரும் குடிச்சாவளா?"

"நாலு நாளா இல்ல."

"ஞாயித்துக்கெழமை வாரேன். இருக்குற பூவைப் பறிச்சிராதிய."

பதினொரு ஞாயிறு வந்தார். சுவரோர மண்ணைத் தோண்டி எடுத்தார், குழிக்குச் சுண்ணாம்பு போட்டார், கிணற்றை இறைத்தார். கடைசி ஞாயிறு, வாளியில் நனைத்த தாள் ஊதாவாகவே நின்றது.

"செடிக்கு ஊத்துங்க. குடிக்க மட்டும் வேண்டாம். செல்லுல உள்ள ஈயம் கலந்திருந்தா அதைப் பூ சொல்லாது."

நான்காவது மனு எழுதினேன். முதல் மூன்றும் தவறு என்று ஒரே வரி. அவர் திரும்பி வந்தார், அதே ஆமை வேகத்தோடும் அதே திருட்டுக் கையோடும். எட்டு வருடத்தில் ஒருநாளும் ஒரு நிமிடம் முன்னால் முடித்ததில்லை.

அவர் ஓய்வுபெறும் வரை எனக்கு ஆன செலவு முந்நூற்றுப் பன்னிரண்டு பூக்கள். அவர் திருடியது முந்நூற்று நான்குதான். கடைசி நாள் காலை, மீதி எட்டையும் நானே பறித்துச் சுவருக்கு மேலாக நீட்டினேன்.