டொசியே அண்ணையும் முருகன் படத்துக்குப் பின்னால் போன கடிதமும்

அதைத்தானே சொல்ல வந்தனான் பிள்ளை, இந்தப் பாரிஸ் லா சப்பல் முழுக்கத் தேடினாலும் டொசியே அண்ணையைப் போல ஒரு வாயாடியைக் காணமாட்டியள். அவருக்குக் காது கேளாது, வாயும் பேசாது. அது வேறு கதை.

நீங்கள் இப்போது குடியிருக்கிற நாலாம் மாடி அறையில்தான் அவர் பதினொரு வருடம் இருந்தார். கதவுக்கு மேலே ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

சொந்தப் பெயரைச் சொல்லி அவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. கக்கத்தில் எப்போதும் ஒரு நீலக் கோப்பு. இங்கே கோப்பை டொசியே என்பார்கள் அல்லவா, அதனால் டொசியே அண்ணை. வயதில் என் மகனுக்குச் சரி. ஆனாலும் தெருவே அண்ணை என்றால் எனக்கும் அண்ணைதான். கலியாண வீட்டுக்குக் கோப்போடு வருவார். தேர்த் திருவிழாவுக்கு வேட்டி கட்டி வந்த அன்றும் கக்கத்தில் கோப்பு. ரூ காய் தெருக் கடையில் முருங்கைக்காய் வாங்கினாலும் விலைத் துண்டு கேட்டு வாங்கி அதற்குள் வைப்பார்.

கை பேசத் தொடங்கினால் பக்கத்தில் நிற்க முடியாது. ஒருமுறை கடைக்குள் ஏதோ பஸ் சண்டையை விவரித்து, அடுக்கி வைத்த அப்பளக் கட்டு முழுவதையும் கீழே இறக்கிவிட்டார். ஆளுக்கொரு பெயரும் கையாலேயே வைத்திருந்தார். எனக்கு, நெற்றியில் பெரிய வட்டம், பிறகு வாய்க்கு முன்னால் ஐந்து விரலும் படபடவென்று அடிக்கும். பொட்டுக்காரி, வாய் மூடாதவள். அந்தக் கடை முதலாளிக்கு, ஒரு விரலால் தராசை மெல்ல அழுத்துகிற மாதிரி. முதலாளி அதை ஏதோ வணக்கம் என்று நினைத்து, பல வருடம் தானும் விரலை அழுத்தித் திருப்பி வணக்கம் சொன்னார்.

ஆனால் ஒன்று. எது பிழைத்தாலும் அவர் காதைக் குறை சொல்லமாட்டார். குக்கர் விசில் அடித்து அடித்துச் சோறு கரியாய்ப் போகும். "குக்கர் சரியில்லை" என்று கையை விரிப்பார். பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்துத் தொண்டை கட்டிப் போனாலும் "அவனுக்குக் கண் தெரியேல்லை" என்பார். என் மருமகள் சுபா ஒருநாள் வாய் தவறி, "பாவம் மாமி, காது கேட்டிருந்தால் இந்த மனுசன் எங்கையோ போயிருக்கும்" என்றாள். உதட்டைப் பார்த்தே பிடித்துவிட்டார். ஒரு மாதம் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கவில்லை.

"காது என்ரை. அதுக்கு ஏன் நீங்கள் பாவம் பாக்கிறியள்?" என்று கையால் கேட்டார்.

வேலை, நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் இயந்திரத்தில் சூடாக வர வர மடிக்க வேண்டும். விடியமுதல் போய்விட்டு மத்தியானம் வந்து படுப்பார். அந்த வரிசைக்குத் தான் பொறுப்பாளர் ஆகவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. பொறுப்பாளர் என்றால் கூட்டம், பயிற்சி, எல்லாம் வாயால்தான். அதனால் ஒரு அரசாங்க அலுவலகம், கூட்டங்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒரு வருடத்துக்குக் கொடுத்தது. கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண்.

அவள் வந்த முதல் நாள் இவர் நாலு மாடியும் ஏறாமல் நேரே என் குசினிக்கு, அடுப்படிக்கே வந்தார். கூட்டத்தில் முதலாளி இருமினதைக்கூட அவள் கையால் சொன்னாளாம்! இத்தனை வருடம் எல்லோரும் சிரிக்கும்போது தானும் சும்மா சிரித்தவர், அன்றைக்குத்தான் பகிடி விளங்கிச் சிரித்தாராம்.

"என்ன பகிடி அண்ணை?" என்றேன்.

யோசித்தார். "அவ்வளவு நல்லாயில்லை" என்றார். ஆனால் முகம் முழுக்கச் சந்தோசம்.

வருடம் முடிந்தது. இன்னொரு முறை கேட்டு விண்ணப்பம் போட்டார். பதில் வரவேயில்லை.

வந்தது பிள்ளை. என்னிடம் வந்தது.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அரசாங்கக் கடிதம் தெரியும். இந்தக் கட்டிடத்தில் யாருக்கு அப்படிக் கடிதம் வந்தாலும், முதலில் என் வீட்டு முருகனின் காலடியில் வைத்து, வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகுதான் உடைப்பார்கள். அப்படி வைத்து மூன்று பேருக்கு விசா அட்டை கிடைத்தது என்று எனக்கு நல்ல பெயர். அன்றைக்குத் தபால்காரர் பதிவுத் தபாலோடு மேலே போய் மணி அடித்திருக்கிறார். இவர் நித்திரை. தபால்காரர் பல வருடமாய் என் கோப்பி குடிக்கிற மனிதர். இறங்கி வந்து என்னிடம் நீட்டினார். நான் ஒரு கோடு கீறி வாங்கி, முருகனிடம் வைத்தேன். அந்த வெள்ளி எனக்குக் காய்ச்சல். கடிதம் படத்துக்குப் பின்னால் சறுக்கியது. என் நினைவிலிருந்தும் சறுக்கியது.

நவராத்திரிக்குத் தட்டுத் துடைத்த சுபாதான் கண்டெடுத்தாள்.

"மாமி, இது மேல்வீட்டு அண்ணையின்ரை கடிதமெல்லோ?"

"ஓம் பிள்ளை, வெள்ளிக்கிழமைக்கெண்டு வைச்சனான்."

"எந்த வெள்ளிக்கிழமைக்கு?"

அவரைக் கூப்பிட்டு வைத்து, சுபா உடைத்து வாசித்தாள். மொழிபெயர்ப்பாளர் கிடையாதாம். படுக்கை விரிப்பு மடிக்கிற வேலைக்குப் பேச்சு அவ்வளவு தேவையில்லையாம். கீழே சின்ன எழுத்தில், முடிவு பிடிக்காவிட்டால் கடிதம் கிடைத்து இரண்டு மாதத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று இருந்தது. இரண்டு மாதம் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது.

நான் ஒப்பாரி வைக்காத குறை. அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தக் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. பதினொரு வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் பேசாமல் இருந்து பார்த்தேன். பிறகு முருகன் படத்தைக் காட்டி, "இவருக்கும் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது போல" என்றார். சிரிப்பதா அழுவதா, சொல்லுங்கோ.

காது கேளாதவர்களின் சங்கத்தில் இவரைப் போலவே ஒரு பிரெஞ்சுக்காரி இருந்தாள். பிந்தினாலும் எழுது, பிந்தினதற்குக் காரணம் சொல், அந்த உதவி இல்லாமல் வேலையில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாய்க் காட்டு என்றாளாம். என் குசினி மேசையில் இருந்து அவர் தமிழில் எழுத எழுத, சுபா வாய்விட்டு வாசித்துப் பிரெஞ்சில் அடித்தாள்.

"மூன்றாம் இயந்திரத்தில் நீராவி கசிகிறது என்று திங்கள் கூட்டத்தில் சொன்னார்கள். எனக்குப் புதன்கிழமை தெரிந்தது, கையில் பட்ட பிறகு."

வடை சுட்ட எண்ணெய் என்று எங்களுக்குச் சொன்ன தழும்பு பிள்ளை அது!

"பக்கத்தில் நின்று மடிப்பவரின் தாய் இறந்ததைக் காலையில் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. மத்தியானம் நான் அவருக்குப் பகிடி காட்டினேன்."

இப்படி இரண்டு பக்கம். எங்களிடம் ஒரு நாளும் வாய் திறக்காத கதைகள். கடைசி வரிக்கு வந்ததும் சுபா வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாசியன் பிள்ளை."

"தபால்காரர் மணி அடித்தார். எனக்குக் காது கேளாது. அதனால் கடிதம் என் கைக்குப் பிந்தி வந்தது."

அவ்வளவுதான். முருகன் இல்லை, நான் இல்லை.

"ஏன் அண்ணை? நான்தான் வைச்சு மறந்தனான் எண்டு எழுதுங்கோ. பொய் வேண்டாம்" என்று நான் கையைப் பிடித்தேன்.

மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். "பொய் இல்லை. மணி அடிச்சது. எனக்குக் கேக்கேல்லை." கோப்பை மூடினார்.

குக்கருக்கும் சொல்லாத சாட்டு, காருக்கும் சொல்லாத சாட்டு. எனக்காகச் சொன்னார்.

அவர்கள் ஏற்கவில்லை. பிந்தினது பிந்தினதுதான் என்று இரண்டே வரி வந்தது. அவர் விடவில்லை. புதிதாய் முதலிலிருந்து விண்ணப்பம் போட்டார். அந்த இரண்டு பக்கமும் அதோடு போனது. கடைசியில் கறுப்புச் சட்டைக்காரி திரும்பி வந்தாள். ஆனால் அதற்குள் வரிசைப் பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆளின் முதல் கூட்டத்தில் இவர் முன்வரிசையில் இருந்து, ஒரு சொல் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதை எனக்குச் சொன்னபோது கை மிகவும் மெல்ல அசைந்தது.

அதன் பிறகுதான் அந்த ஆணி. மணி அடித்தால் மின்னுகிற விளக்கு ஒன்று வாங்கிக் கதவுக்கு மேலே பூட்டினார். அதுவரை அப்படி ஒன்று வேண்டாம் என்று நின்ற மனிதர். முதல் நாள் என்னை வெளியே நிறுத்தி, விரல் நோகும்வரை மணியை அமத்த வைத்தார். போன வருடம் தொழிற்சாலை தூர ஊருக்கு மாறியது. அவரும் போனார். போகிற அன்று விளக்கைக் கழற்றி வந்து என் வீட்டில் பூட்டிவிட்டு, என் காதைக் காட்டி, தன் காதைக் காட்டி, "இனி எங்கடை சங்கத்துக்கு வாங்கோ" என்று கண்ணடித்தார். எனக்கும் இப்போது அவ்வளவாய்க் கேட்கிறதில்லை. எப்படிக் கண்டுபிடித்தாரோ.

அந்தா, மின்னுது பாத்தியளோ? இந்த நேரத்தில் தபால்காரர்தான். உங்களுக்கு விசாக் கடிதம் வரவிருக்குது எண்டனீங்களெல்லோ. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ பிள்ளை, நான் வாங்கியாறன். முருகனுக்குக் காட்டமாட்டன், நேரே உங்கடை கையிலைதான் தருவன்.